கழற்றி வைத்த கம்பி

கடந்த மாதம் மருமகனுடைய பிக்கப் வண்டியின் பொருட்டு, திருகோணமலையில் கராஜ் ஒன்றில் ஒரு முழு முற்பகலைக் கழிக்க நேர்ந்தது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏற்றித் தம்புள்ளை, கண்டிப் பக்கம் கொண்டுபோவது அவன் தொழில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் இருந்ததைத் திருத்தித் திருத்தியே ஓடப் பழகியவர்களுள் அவனும் ஒருவன். 2025இல் தடை நீங்கியபோதும், புது வண்டியின் விலை அவன் கைக்கு எட்டுவதாயில்லை. ஆகவே பழையதன் பின்புற ஸ்பிறிங் தகடுகளை எடுத்துவிட்டு இரு காற்றுப் பைகளைப் பொருத்தினான். மீன் பெட்டிகள் ஏறும்போது காற்றை நிரப்பி உயர்த்தலாம்; வெறும் வண்டியாய்த் திரும்பும்போது காற்றை இறக்கித் தரையோடு தரையாய்ப் பதித்து ஓடலாம். முன்னையது தொழிலுக்கு, பின்னையது உவர்மலைக் கடற்கரையில் நண்பர்கள் பார்ப்பதற்கு என்பது என் ஊகம்.

பதித்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. அச்சின் குறுக்கே கிடந்த ஸ்டெபிலைசர் கம்பி, அடிச்சட்டத்தில் இடித்தது. "அதைக் கழட்டி எறிஞ்சா முடிஞ்சுது மாமா. பை இறுக்கமாத்தானே நிக்குது" என்றான் மருமகன். கராஜ் பையன்களும் சாவியைத் தூக்கிவிட்டார்கள். அப்போதுதான் பாஸ் எழுந்து வந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர்; இப்போது அதிகம் வேலை செய்வதில்லை.

பேராதனையில் தமிழ் படித்த எனக்கு இந்தக் கம்பியின் இலட்சணம் அன்றுவரை தெரியாது. பகரம்போல் வளைந்த உருக்குக் கம்பி; அதன் நடுப்பகுதி சட்டத்தோடும் இரு முனைகள் சக்கரங்களோடும் இணைந்திருக்கும். இரு சக்கரங்களும் ஒருசேர எழுந்தால் அது சும்மா சுழன்று கொடுக்கும். ஒன்று எழுந்து மற்றது தாழ்ந்தால், முறுக்குண்டு எதிர்த்து நிற்கும். வளைவில் வண்டி ஒருபுறம் சரியாமல் பிடிப்பது இந்த முறுக்குத்தான். 1919இல் கனடாவின் பிரெடெரிக்ரன் நகரத்தவரான ஸ்டீபன் கோல்மன் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழும்போது இதே கம்பி உடம்பை உலுக்கும் என்பதும் உண்மை. கழற்றியவர்கள் 'ஓட்டம் பஞ்சுபோல் இருக்கிறது' என்று சொல்வது பொய்யல்ல.

பாஸ் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. இரு பைகளுக்கும் காற்றுப் போகும் குழாயைத் தொட்டுக் காட்டினார். ஒரே குழாய் நடுவில் பிரிந்து இரு பக்கமும் போயிருந்தது. கம்பியின் இணைப்பைத் தற்காலிகமாய் அவிழ்க்கச் சொன்னார். இரண்டு பையன்களை இடப்புற விளிம்பில் ஏறி நிற்கச் செய்தார். இடப்புறம் அமுங்கியது, அங்கிருந்த காற்று மறுபுறத்துக்கு ஓடி வலப்புறத்தை உயர்த்தியது. வளைவில் எந்தப் பக்கம் தாங்கவேண்டுமோ அந்தப் பக்கத்தையே அது கைவிடுகிறது. தகடு ஸ்பிறிங்காவது தானே முறுகிக் கொஞ்சம் எதிர்க்கும். இப்படிக் கோத்த பைகள் அதுவும் செய்யா. மருமகனின் முகம் கறுத்தது.

"முன்னுக்கு உள்ளதைக் கழட்டிப்போட்டுப் பின்னுக்கு மட்டும் விடுவமோ?" என்று ஒரு பையன் கேட்டான். அது இன்னும் மோசமாம். சரிவைத் தாங்கும் பாரம் முழுதும் பின்புறத்தில் விழ, பின் சக்கரங்கள் முதலில் பிடி விட்டு வால் வீசும்.

2025 ஜனவரியில் பொலிசார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாய் மாட்டியிருந்த அலங்காரங்களைக் கழற்றுவித்தது நினைவுக்கு வந்தது. மாட்டியது கண்ணுக்குத் தெரியும். கழற்றியதை வண்டியின் அடியில் படுத்துப் பார்ப்பவர் யார்?

தேநீர் வந்தது. பாஸ் என் பக்கத்தில் அமர்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஐயா, கிண்ணியா லொறிக்காரன்ட செய்தி நீங்கள்தானே எழுதினது?"

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. 2003ஆம் ஆண்டு. முதல் ஆண்டு செய்துகொண்ட போர்நிறுத்தத்தால் இரவுப் பயணம் மீண்டும் சாத்தியமாகியிருந்த காலம். தம்பலகாமத்து நெல்மூடைகளை உயர அடுக்கிச் சென்ற தனியார் லொறி ஒன்று, கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் குடைசாய்ந்து சாரதி இறந்தார். அலுவலகம் முடியும் தறுவாயில் தொலைபேசியில் வந்ததை நான்கு வரியில் எழுதினேன். 'சாரதியின் நித்திரைக் கலக்கமே காரணமென நம்பப்படுகிறது' என்பது நான்காவது வரி. யார் நம்பினார்கள்? 'நம்பப்படுகிறது' என்ற செயப்பாட்டு வினையின் பின்னால் எவரும் இருக்கவேண்டியதில்லை. எங்கள் தொழில் தந்த சலுகை அது.

"அவன் நித்திரை கொள்ளேல்ல ஐயா. யானை நிண்டது. வெட்டி எடுத்தவன். கிளீனர் பொடியன் தப்பினவன்தானே, அவன் வந்து சொன்னவன்." சற்று நேரம் கழித்து: "புஷ் தேஞ்சு கட கட எண்டு சத்தம். புதுசு கிடைக்கேல்ல. முதலாளி கழட்டிவிடு எண்டார். நான்தான் கழட்டினனான்."

கம்பி இருந்திருந்தால் லொறி சாய்ந்திராதா என்று கேட்டேன். "அதைச் சொல்லேலாது. நெல்லு உயரம். யானை கிட்ட. ஆனா கழட்டினது நான்." அந்தக் கம்பி இருபத்திச்சொச்ச ஆண்டுகளாய்க் கராஜின் பின்சுவரில் சாய்ந்தபடி நிற்கிறது. காட்டினார். ஆணியடித்துப் பழந்துணி உலர்த்தும் கொடிக்கு அதைத் தாங்கியாக்கியிருக்கிறார்கள் பையன்கள்.

இறந்தவரின் மனைவிக்கு முதலாளி கொடுத்தது சொற்பம் என்றார் பாஸ். தூங்கி லொறியைக் கவிழ்த்தவன் என்பதே காரணம். அதற்கு அத்தாட்சியாய் அவர் வாசித்துக் காட்டியது என் நான்கு வரிச் செய்தியை.

பிற்பகலில் மருமகனின் வண்டி முடிந்தது. இடப் பைக்கும் வலப் பைக்கும் தனித்தனிக் குழாய். கம்பியைத் தாங்கும் கொளுவியைச் சற்று நகர்த்தி, முனை இணைப்புகளைக் குட்டையாக்கி, ஓடும் உயரத்தில் கம்பியின் கைகள் மட்டமாய் நிற்கும்படி பொருத்தினார்கள். முன்போல் தரையோடு பதியாது. நான்கு விரல் உயர்ந்தே நிற்கும். மருமகனுக்கு அதில் மனக்குறைதான். கூலியை நான் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பழைய நறுக்குகளைக் கிளறினேன். கட்டுரைகள் அத்தனையும் பத்திரமாயிருந்தன. அந்த நான்கு வரி இல்லை. வைத்திருக்கத் தகுந்ததென்று அன்று தோன்றியிராது. ஜனாஸா அன்று கிண்ணியாவுக்குப் போக எண்ணியதும், பாதைக்குக் காத்திருக்கவேண்டுமே என்று தவிர்த்ததும் ஞாபகமிருக்கிறது. அப்போது பாலம் இல்லை. அது 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. இப்போது அக்கரைக்கு ஐந்து நிமிடமும் ஆகாது.

அந்த அம்மா இருக்கிறார். மகளோடு இருக்கிறாராம். வரும் சனிக்கிழமை போவதாய் இருக்கிறேன். பாஸும் வருகிறேன் என்றிருக்கிறார். யார் முதலில் பேசுவது என்று நாங்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை.