தோட்டக் கொட்டிலில் ஒரு விளக்கு

ஜேர்மனியில் சிறுதோட்டங்களுக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 1983இல் வந்த சட்டம். தோட்டம் 400 சதுர மீற்றருக்கு மேற்படக் கூடாது. அதிலுள்ள கொட்டில், கூரை போட்ட முன்புறத்தையும் சேர்த்து, 24 சதுர மீற்றருக்கு மேற்படக் கூடாது. நிரந்தரமாகக் குடியிருக்க ஏற்றதாக அது இருக்கவே கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கலாமா என்ற கேள்வியோடேயே முப்பது வருடங்களுக்கு மேல் கழித்துவிட்டவர்கள் நாங்கள்.

ரூர் பகுதியில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு தோட்டம் பார்க்கிறோம். மிளகாய், கத்தரி, பூசணி, வெந்தயக்கீரை. சுற்றிவரக் கரி வெட்டிய பூமி. பொற்றொப் நகரில் இருந்த கடைசிச் சுரங்கம் 2018 டிசெம்பரில் மூடப்பட்டது. நாட்டுக்கே வெளிச்சம் கொடுத்த மண்ணில் எங்கள் கொட்டிலுக்கு மின்சார இணைப்பு இல்லை. வேலை முடிந்து வந்து சேரும்போது ஐப்பசி, கார்த்திகையில் இருட்டிவிடும். ரோச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எத்தனை நாள் மண்வெட்டியைத் தேடுவது? நாங்களே கரண்ட் உண்டாக்குவதென்று முடிவெடுத்தோம்.

முதலில் செய்தது கணக்கு. 5 வாற் எல்ஈடி பல்ப் நாலு மணித்தியாலம் எரிந்தால் 20 வாற் மணி. சின்ன ரேடியோ நாலு மணித்தியாலத்துக்கு 12. மழைநீர்ப் பீப்பாவிலிருந்து தண்ணீர் இறைக்கும் 40 வாற் பம்ப் அரை மணித்தியாலம் ஓட 20. கைத்தொலைபேசிக்கு 13. எல்லாமாக ஒரு நாளைக்கு 65. இதற்கு 100 வாற் சூரியத் தகடு ஒன்றும் 12 வோல்ற், 100 அம்பியர் மணி ஈயப் பற்றறி ஒன்றும் வாங்கினோம். இந்தப் பற்றறியில் 1200 வாற் மணி அடங்கும். ஆனால் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே கைக்கு வருவது 600. வெயிலே இல்லாவிட்டாலும் ஒன்பது நாள் தாக்குப்பிடிக்கலாம்.

தகட்டுக்கும் பற்றறிக்கும் இடையில் சார்ஜ் கொன்றோலர் இருக்க வேண்டும். முதலில் பற்றறியை அதில் இணைத்து, பிறகுதான் தகட்டை இணைக்க வேண்டும். பற்றறியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். 60 வாற்றுக்கு வீட்டில் கால் அம்பியர் போதும். 12 வோல்ற்றில் 5 அம்பியர் ஓடும். ஆகவே வயர் தடிப்பாகவும் கட்டையாகவும் இருக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஈயப் பற்றறி ஹைட்ரஜன் வாயுவை விடும் என்பதால் பெட்டியின் மேற்புறத்தில் காற்றுப் போக ஓட்டை விட்டோம்.

வெயிலைப் பற்றி ஊர் நினைப்பை இங்கே கொண்டுவரக் கூடாது. மார்கழி நடுவில் யாழ்ப்பாணத்தில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 57 பாகை உயரத்தில் நிற்கும். இங்கே 15 பாகைதான். பக்கத்து வேலியின் நிழலே தகட்டை மூடிவிடும். அதனால் தகட்டைக் கூரையில் படுக்க வைக்காமல், தெற்கு நோக்கி 60 பாகையில் நிமிர்த்தி வைத்தோம். நல்ல யூன் நாளில் 400 வாற் மணிக்குக் குறையாமல் வரும். டிசெம்பரில் சராசரி 50 கிடைத்தாலே பெரிது. பம்பை நிற்பாட்டிவிட்டு விளக்கை மட்டும் எரிப்போம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் என்றோம். பல்கலைக்கழகத்திலா என்றார். இல்லை, சைக்கிளில் என்றோம்.

1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமல் போனது. ரோச் பற்றறியும் பெற்றோலும் தடைப்பட்டியலில் இருந்தன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுழற்ற, டைனமோவில் வரும் 6 வோல்ற்றை டயோட் வைத்து நேராக்கி ரேடியோவுக்குக் கொடுத்தோம். அரை மணித்தியாலம் பிபிசி தமிழோசை. சைக்கிள் டைனமோவின் வலு 3 வாற். அரை மணித்தியாலத்துக்கு ஒன்றரை வாற் மணி. இன்று இங்கே அதன் விலை ஒரு சதத்தின் பத்திலொரு பங்கும் வராது. அன்று அது இல்லாவிட்டால், எந்த ஊரில் குண்டு விழுந்தது என்று தெரியாமலே படுக்க வேண்டும்.

கல்யாண வீடுகளில் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்கிறோம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதையும் சேர்த்துக்கொள்வோம். கெட்டிக்காரச் சனம் என்று முடிப்போம். சொல்லாமல் விடுவது நிறைய. குப்பி விளக்கின் புகையில் ஓ.எல். சோதனைக்குப் படித்தவர்களின் கண். சரிந்த விளக்கால் எரிந்த பாவாடை. குளிர்பெட்டி ஓடாத ஆஸ்பத்திரி. கட்டுப்பாட்டு விலையைப் போல் பல மடங்குக்கு மண்ணெண்ணெய் விற்றுக் காசு பார்த்தவர்கள் எங்கள் ஆட்கள்தான் என்பதும்.

2022 மார்ச் கடைசியில் இலங்கை முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தது. ‘இப்பதானே அவைக்கு விளங்கும்’ என்று எங்களில் சிலர் தொலைபேசியில் சொன்னார்கள். அதைக் கேட்க எங்களுக்கு நல்லாயில்லை. அதே வருடம் ஒக்ரோபரிலிருந்து உக்ரைனின் மின் நிலையங்களுக்கு ரஷ்யா குண்டு போட்டது. அடுத்த வருடம் ஒக்ரோபரில் காசாவுக்குப் போன மின்சாரத்தை இஸ்ரேல் நிறுத்தியது. அங்கேயும் யாரோ சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருப்பார்கள். அவர்களைக் கெட்டிக்காரர் என்று மெச்சிவிட்டுப் போவது, கரண்டை வெட்டியவனுக்குச் செய்யும் உதவி.

இணைப்புக் கிடைக்காத இடத்தில் நாங்களாக விரும்பி விளக்கு வைப்பது ஒன்று. இருந்த இணைப்பைப் பறித்தபின் விளக்கு வைப்பது வேறு. வயரும் டயோட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகையால்தான் குழப்பம் வருகிறது.

போன கோடையில் மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொட்டிலில் வைத்து எல்லாவற்றையும் காட்டினோம். பழைய டைனமோ ஒன்றைச் சுழற்றி எல்ஈடியை எரிய வைத்தார்கள். அந்த 3 வாற்றில் இன்று ஓர் அறையே வெளிச்சமாகிறது. சைக்கிள் கதையையும் சொன்னோம். பெரிய பிள்ளைகள் சிரித்தார்கள். பத்து வயதுக்காரி மட்டும் சிரிக்கவில்லை.

“ஆர் கரண்டை நிப்பாட்டினது? ஏன் ஒருத்தரும் அவையைக் கேக்கேல்லை?”

டயோட் வேலை செய்யும் விதத்தைப் பத்து நிமிடத்தில் விளங்கப்படுத்திவிட்டோம். இந்தக் கேள்விக்கு, பொய்யும் பெருமையும் கலக்காமல் பதில் சொல்ல ஒரு பின்னேரம் போதவில்லை. தொடங்கியிருக்கிறோம். இருட்டிய பிறகும் இருந்து கதைப்பதற்கு இப்போது வெளிச்சம் இருக்கிறது.