அடைமழையில் அண்ணாமலை தீபம்

கார்த்திகை என்றாலே அடைமழை. அந்த மாதத்தில்தான் திருவண்ணாமலை தீபமும்! அன்று பஸ்கள் ஊருக்குள் வராது. வெளியே தற்காலிக நிலையங்களில் இறக்கிவிடுவார்கள். கோயிலுக்கே நல்ல நடை. அப்புறம் கிரிவலம் 14 கிலோ மீட்டர். நனைந்த துணியோடு தோளில் தூங்கும் குழந்தைகளைப் பார்த்தால் எனக்கு மனசு பதைக்கும். மாற்றுத்துணி, பிளாஸ்டிக் விரிப்பு, ஃபிளாஸ்கில் வெந்நீர் மூன்றும் அவசியம் சகோதரிகளே. வெறுங்காலோடு நடப்பதால், திரும்பியதும் விரல் இடுக்குகளை ஈரம்போகத் துடைத்துவிடுங்கள்.

2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவார வ.உ.சி. நகரில் மண் சரிந்து வீட்டை மூடியது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். ஐயோ, பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்! அந்த வருஷம் 13-ஆம் தேதி தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. சிலருக்கு அது குறைதான். எனக்கோ, அதுதான் சரி என்று பட்டது. மழையில் ஊறின மண்ணை யார் நம்புவது? ஜனங்கள் கீழிருந்தே அண்ணாந்து கும்பிட்டார்கள்.

இன்னொன்று, கைக்குழந்தைக்காரர்கள் அன்றைக்கே போய் நெரிசலில் மாட்ட வேண்டாம். மலையில் தீபம் 11 நாள் எரியும். நாலாம் நாள், ஐந்தாம் நாள், மழை விட்ட சாயங்காலமாகப் பார்த்துப் போகலாமே.