பதிவேட்டில் ஏறாதவை

கல்லூரி நூலகத்தில் அக்சஷன் ரெஜிஸ்டர் என்ற வரவுப் பதிவேட்டில் எண் விழுந்துவிட்டால் புத்தகத்துக்குக் காவல் உண்டு. ஸ்டாக் சரிபார்ப்பின்போது தேடுவோம்; காணோமென்றால் பதில் சொல்லியாக வேண்டும். எண் விழாதவற்றைக் கேட்க நாதியில்லை. நாடக விழா நோட்டீஸ், விடுதி நாள் அழைப்பிதழ், மாணவர்களின் கையெழுத்து இதழ் எல்லாம் அந்த வகை. நான் வேலை பார்த்த நூலகத்தில் ஒரு கோடை விடுமுறையில், வெள்ளையடிக்க இடம் வேண்டுமென்று இவற்றைச் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டார்கள். அந்த வருத்தம் ஓய்வு பெற்றும் ஆறவில்லை.

ஊரில் மரபு ஆர்வலர் குழு ஒன்று இருந்தது, சேர்ந்துகொண்டேன். கல்வெட்டைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றிப் படி எடுப்பதில் அங்கே தேர்ந்தவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கை வராது. ஆனால் படி காய்ந்ததும் ஊர், கோயில், எந்தச் சுவர், என்ன தேதி என்று தாளின் மூலையில் குறிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். குறிக்காமல் சுருட்டி வைத்த படிகள் ஓராண்டில் எங்கிருந்து வந்தவை என்றே தெரியாமல் போய்விடும். நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் கோலன் நூற்பகுப்பு முறையில் இடமும் காலமும் தனித்தனிக் கூறுகள். பணிக்காலம் முழுக்க அவற்றை எண்களாக எழுதிய பழக்கம் கோயில் பிரகாரத்தில் கைகொடுத்தது.

கோயில்களைவிட வீடுகளில்தான் எனக்கு வேலை அதிகம். பழைய பள்ளிக்கூடப் படம் ஒன்றைக் காட்டி ஆச்சி ஒருவர், "இவன் மேலவீட்டுப் பெரியவன், தம்பி. இது வைத்தியர் மகன். இந்தப் பிள்ளை சிலோனுக்குப் போயிட்டான்" என்று விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனார். நான் பின்பக்கம் மென்பென்சிலால் எழுதினேன். பேனா மை ஊறிப் படத்துக்கு வந்துவிடும். செல்லோடேப்பும் கூடாது, அதன் பசை மஞ்சளித்துத் தாளைத் தின்னும். ராமபாணப் பூச்சி தின்றதைவிட இந்த டேப் கெடுத்ததை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பதிவேட்டில் ஏறாத இப்படிப்பட்டவற்றைக் காத்தவர் ஒருவர் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ், பத்திரிகை நறுக்கு என்று பிறர் கழித்ததையும் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபின், 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக இருக்கச் செய்தது. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்கிறவர் இன்று அங்கே போகாமல் முடியாது. விளம்பரப் பலகை எழுதிய ஓவியரான அவர் செய்த காரியம் இது. சம்பளம் வாங்கிய நூலகர்களான எங்களில் பெரும்பாலோர் செய்யவில்லை.

ஓய்வு பெற்ற நூலகர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பக்கத்து மரபுக் குழுவில் போய்ச் சேருங்கள். அங்கே பட்டியல் போடத் தெரிந்தவருக்குத்தான் பஞ்சம். மற்றவர்களும் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுமுன் பரணில் ஒருமுறை பாருங்கள். வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்துப் படத்தின் பின்னால் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதி வாங்கிவிடுங்கள்.