மாஸ்க் போடுமுன் மூன்று சொட்டு

டிசம்பர் 18, வியாழன்

எங்கள் பெயின்ட் ஷாப்புக்குப் புதிதாக வந்திருக்கும் டிரெய்னி தம்பியின் கழுத்தைப் பார்த்து மனசு கேட்கவில்லை. தாடைக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகக் கொப்புளங்கள், இரண்டில் சீழ் கோத்திருந்தது. “தினமும் ஷேவ் பண்ணாம வந்தா மாஸ்க் டெஸ்ட்ல ஃபெயில் ஆகுதுண்ணா” என்றான். கம்பி மாதிரி தாடி, பச்சைக் குழந்தைத் தோல்.

ஷேவ் பண்ணாதே என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்? பூத்தில் நாங்கள் அடிக்கும் டூ பேக் பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குள் போய் ஆஸ்துமா பிடித்துவிட்டால், அப்புறம் துளி வாடை பட்டாலும் நெஞ்சு அடைக்கும். வேலையே போய்விடும். மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு வெறும் தோலில் உட்கார்ந்தால்தான் பாதுகாப்பு. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் எந்தத் தாடி மீசைக்கு மாஸ்க் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று 2017-ல் படம் போட்டே காட்டியது. விளிம்புக்குள் அடங்கும் சின்ன மீசை இருக்கலாம். விளிம்பு படும் இடத்தில் குச்சி முடிகூடக் கூடாது.

டிசம்பர் 19, வெள்ளி

ஷிஃப்ட் முடிந்து கெலமங்கலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவைத்து விசாரித்தேன். காலை ஐந்து மணிக்கு, போர் தண்ணீரில், குளிரக் குளிர முகத்தை நனைத்து, உடனே சோப்பு, உடனே பிளேடு. அதுவும் ஐந்து பிளேடு ரேஸர், கீழிருந்து மேலாக.

அவனைப் போன்ற சுருள் முடிக்காரர்களுக்கு இதுதான் வினை. முதல் பிளேடு முடியை இழுக்கும், அடுத்தது வெட்டும். வெட்டுப்பட்ட முனை தோலுக்குள்ளே பின்வாங்கிக்கொள்ளும். வளைந்து வளரும் முடி வெளியே வர வழியில்லாமல் தோலையே குத்தும். உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்து வீங்கவைக்கிறது. இந்தக் கொப்புளத்துக்கு எந்த எண்ணெயும் மருந்தாகாது. சீழ் வைத்த இடத்தில் பிளேடு படவே கூடாது, தோல் டாக்டரைப் பார் என்றுதான் முதலில் சொன்னேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

தம்பி வீட்டுக்கு வந்தான். டாக்டர் களிம்பு கொடுத்து, சில நாள் ஷேவ் வேண்டாம் என்றிருக்கிறார். அதுவரை அவனை பூத்துக்கு வெளியே பேக்கிங்கில் போடச் சொல்லி சூப்பர்வைசரிடம் பேசியிருக்கிறேன். கையோடு, ஷேவுக்கு முன் பூசும் ப்ரீ ஷேவ் ஆயில் பாட்டில் ஒன்றும் கொண்டுவந்திருந்தான், ஆன்லைனில் வாங்கியது. லேபிளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படித்தோம்.

இரண்டாவது பெயரே டைமெத்திகோன். சிலிகோன். பளபளப்பாக வழுக்கும், தோலுக்கும் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் பெயின்ட் ஷாப்காரனுக்கு ஆகவே ஆகாது. பேனலில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிலிகோன் பட்டாலும் ஈரப் பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகி ஓடும். நடுவில் ப்ரைமர் தெரிய, விளிம்பு தடித்து, மீன் கண்போல ஒரு வட்டக் குழி விழும். பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது. தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். ஹேண்ட் க்ரீம், ஹேர் ஜெல், பாடி ஸ்ப்ரே எல்லாவற்றையும் பெயின்ட் ஷாப் வாசலிலேயே நிறுத்துவது இதற்காகத்தான். பெயர் ‘கோன்’ என்றோ ‘சிலாக்சேன்’ என்றோ முடிந்தால் வாங்காதே என்று எழுதிக்கொடுத்தேன்.

அடுத்து, மெந்தால். சில்லென்று இருக்கும், எரிச்சலை மறைக்குமே தவிரக் குறைக்காது. பிறகு வாசனைக்காகச் சேர்த்த லிமோனீன், லினலூல். மெல்லிய தோலுக்கு வாசனைதான் முதல் எதிரி. ஆல்கஹால் கலந்த ப்ரீ ஷேவ் லோஷனும் உண்டு. அது எலக்ட்ரிக் ஷேவருக்கானது, முடியை உலர்த்தி விறைக்க வைக்கும். பிளேடுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு.

அப்படியானால் எதை வாங்குவது? தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஓசூர் மார்கழியில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டாது. பரு வரும் தோலில் துளையை அடைக்கவும் செய்யும். கடுகெண்ணெய் காந்தும். வேப்பெண்ணெய் சிலர் தோலைப் புண்ணாக்கிவிடும். என் தேர்வு விளக்கெண்ணெய்தான். அதில் பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம். மற்ற எண்ணெய்களைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டி. பிளேடுக்கும் தோலுக்கும் நடுவில் விலகாமல் நிற்கும், இந்தக் குளிருக்கு உறையாது. தனியாகப் பூசினால் பிசுபிசுக்கும்; ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நல்லெண்ணெய் கலந்தால் பதமாக இருக்கும்.

விளக்கெண்ணெய் தரும் ஆமணக்கு நம் பக்கத்துப் பயிர்தான். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. விளக்கெண்ணெயை ஆமுதம் என்றே சொல்லும் எதிர்வீட்டு அவ்வா கேட்டுவிட்டு, “ஆமுதமா? அதுக்கு எதுக்குடா இன்டர்நெட்டு?” என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. விளக்கெண்ணெயும் சிலருக்கு ஒவ்வாது, நல்லெண்ணெயும் அப்படித்தான். அதனால் தம்பியின் முழங்கை உட்புறத்தில் ஒரு சொட்டு தடவி, இரண்டு நாள் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

கையில் அரிப்பில்லை. கழுத்தும் ஆறிவிட்டது. இன்று என் வீட்டுக் கண்ணாடி முன்னால் அவனுக்குச் செய்துகாட்டினேன்.

எண்ணெயைவிடத் தண்ணீர் முக்கியம். முடியை மெத்தென்று ஆக்குவது தண்ணீர். எண்ணெய் வழுக்கலுக்கு மட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துண்டை இரண்டு, மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருந்தாலே முரட்டு முடி இளகிவிடும். அதுவும் போர் தண்ணீர் வேண்டாம். இந்தப் பாறை நிலத்துத் தண்ணீரின் கால்சியம் சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகிவிடும், நுரை நிற்காது. 2013-லிருந்து நம் மாவட்டத்துக்கு வரும் ஒகேனக்கல் தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துவைத்தால் போதும்.

ஈர முகத்தில் மூன்று சொட்டு எண்ணெய், முடி வளரும் திசைக்கு எதிராக விரலால் தேய்ப்பு, அதன் மேல் நுரை. ஒற்றை பிளேடு, தோலை இழுத்துப் பிடிக்காமல், முடி வளரும் போக்கிலேயே ஒருமுறை. மழமழவென்று ஆக வேண்டியதில்லை, மாஸ்க் பொருந்தினால் சரி. முடிந்ததும் சோப்புப் போட்டு எண்ணெயை முழுக்கக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பசை மாஸ்க் ரப்பருக்கும் ஆகாது, பேனலுக்கும் ஆகாது.

ஜனவரி 9, வெள்ளி

தம்பி மறுபடி பூத்துக்கு வந்துவிட்டான். கழுத்தில் பழைய தழும்பு இருக்கிறது, புதுக் கொப்புளம் ஒன்றிரண்டுதான். அவனுடைய முடிக்கு அது முழுக்க நிற்காது; எண்ணெயால் ஆவது இவ்வளவுதான்.

ஷிஃப்ட் மீட்டிங்கில் நான் வைத்த கோரிக்கையை இங்கேயும் எழுதிவைக்கிறேன். பேட்டரி ஃபேன் வைத்து, தலையை மூடும் தளர்வான ஹுட் வகை சுவாசக் கருவி இருக்கிறது. அது தோலோடு ஒட்ட வேண்டியதில்லை, தாடியோடும் போடலாம். ஓசூரிலும் சுற்றுவட்டாரத்திலும் பெயின்ட் ஷாப் நடத்தும் பெரியவர்களே, ஷாப்புக்கு இரண்டு கருவியாவது வாங்கி வையுங்கள். முகம் புண்ணான பிள்ளை பிளேடுக்கும் சம்பளத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது.