பிரேக்ல இருந்து காலை எடுங்க

"பிரேக்ல கால் வைக்காதீங்கண்ணே. ஸ்டியரிங்கை மட்டும் பிடிங்க, போதும்."

என் கிளாஸ்மேட்டோட மாமா இப்படிச் சொன்னப்போ டிரைவர் சீட்ல இருந்தது எங்க அப்பா. ஆம்பூர்ல 25 வருஷமா லோடு வண்டி ஓட்டுறவர். டேனரியில இருந்து ஷூ கம்பெனிக்குத் தோல், ஞாயித்துக்கிழமை வந்தா கல்யாண வீட்டுக்கு சாமியானாவும் சேரும். அவர்கிட்ட போய் பிரேக்ல கால் வைக்காதேன்னா?

இடம் ஒடுகத்தூர் பக்கம், அவங்க மாந்தோப்புக்கு இறங்குற மண் சரிவு. முந்தின நாள் பெய்த மழையில சரளைக்கல் எல்லாம் கழண்டு கிடந்தது. வண்டி டொயோட்டா ஹைலக்ஸ், 2022-ல இந்தியாவுக்கு வந்த பிக்கப், காலியாவே ரெண்டு டன்னுக்கு மேல எடை. என் செமினார் டாபிக் 'டவுன்ஹில் அசிஸ்ட் கண்ட்ரோல்'. பிபிடி எல்லாம் ரெடி, ஆனா அந்த பட்டனை நான் கண்ணால கூடப் பார்த்ததில்ல. அதுக்காகத்தான் போனோம். அப்பா சும்மா வண்டி பார்க்க வந்தவர். அவர் லைசென்ஸுக்கு என்னைவிட வயசு அதிகம்னு தெரிஞ்சதும் மாமாவே சாவியைக் கொடுத்துட்டார்.

(தமிழ்ல நான் எழுதுற முதல் கட்டுரை இது. ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.)

டி.ஏ.சி.ன்னு தனியா ஒரு பிரேக் கிடையாது. ஏற்கெனவே இருக்கிற ஏ.பி.எஸ். சாமானையே இன்னொரு வேலைக்கும் பயன்படுத்துறாங்க, அவ்வளவுதான். ஒவ்வொரு சக்கரத்துலயும் ஒரு வேக சென்சார் இருக்கு. பானெட்டுக்குள்ள ஒரு ஹைட்ராலிக் யூனிட். அதுல ஒரு மோட்டார், ஒரு பம்ப், ஒவ்வொரு சக்கரத்துக்கும் போற பிரேக் ஆயிலைத் திறந்து மூடுற சாலினாய்ட் வால்வுகள். நீங்க பெடலை ஓங்கி மிதிச்சு சக்கரம் லாக் ஆகப் போனா, ஏ.பி.எஸ். அந்த பிரஷரைக் குறைக்கும். டி.ஏ.சி.யில நீங்க மிதிக்கவே வேண்டாம். பம்ப்பே பிரஷரை உண்டாக்கி, எந்தச் சக்கரம் வேகமா ஓடுதோ அதைப் பிடிக்கும், எது லாக் ஆகுதோ அதை விடும். ஒரு செகண்டுக்குள்ள இது பல தடவை நடக்கும்.

மனுஷனால இது ஏன் முடியாதுன்னா, நமக்கு இருக்கிறது ஒரே ஒரு பெடல். இறக்கத்துல வண்டியோட பாரம் முன்னாடி சாயும், பின் சக்கரம் லேசாயிடும். அப்போ சரளையில பிரேக்கை அழுத்தினா பின் சக்கரம் லாக் ஆகி, வண்டியோட பின்பக்கம் முன்னாடி வரப் பார்க்கும். நாலு சக்கரத்துக்கும் நாலு விதமா பிரேக் போடுற கால் யாருக்கும் இல்ல.

இந்த ஐடியா முதல்ல வந்தது 1997-ல, லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டர்ல. அந்த வண்டியில லோ ரேஞ்ச் கியர் கிடையாது. அந்தக் குறையைச் சமாளிக்கத்தான் ஏ.பி.எஸ்.ஸை வெச்சு இந்த வேலையைப் பண்ணாங்க. ஒரு இல்லாமையில இருந்து பிறந்த டெக்னாலஜிங்கிறதால எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். இப்போ ஸ்ரீசிட்டியில தயாராகுற இசுசு வி-கிராஸ்லயும் இதே வேலை நடக்குது, பேருதான் வேற.

சரி, சரிவுக்கு வருவோம். மாமா ஃபோர் லோ போட வெச்சு பட்டனை அமுக்கினார். வண்டி இறங்க ஆரம்பிச்சது. அடியில இருந்து 'கட கட கட'ன்னு சத்தம். அப்பா பயந்துட்டார். அது பம்பும் வால்வும் வேலை செய்ற சத்தம்னு பின்சீட்ல இருந்து கத்தினேன். அவர் கால் பெடலுக்கு ஒரு இஞ்ச் மேலயே நின்னுது, கடைசி வரைக்கும். ஆள் நடக்கிற வேகத்துல வண்டி தானாவே கீழ இறங்கி நின்னுச்சு. அப்பா ஒரு வார்த்தை பேசல.

பஸ் ஏறுறதுக்கு முன்னாடி டீக்கடையில கேட்டார். "இது அன்னிக்கு ஏலகிரியில இருந்திருந்தா?"

அன்னிக்குன்னா நான் அஞ்சாவது படிக்கிறப்போ. ஏலகிரியில ஒரு ரிசப்ஷனுக்கு சேரும் பிரியாணி தேக்சாவும் இறக்கிட்டு, ராத்திரி அதையே ஏத்திக்கிட்டுத் திரும்புறோம். 14 கொண்டை ஊசி வளைவு. பாதி வழியில ஏதோ கருகுற வாடை, அப்புறம் அப்பா பெடலை மிதிக்க மிதிக்க அது உள்ள போயிட்டே இருந்தது. எப்படியோ செகண்ட் கியரைத் திணிச்சு, மலைப்பக்கத்து வாய்க்கால்ல சக்கரத்தை இறக்கி நிறுத்தினார். என் நெத்தியில இருக்கிற தழும்பு அப்போ வந்தது. 'பிரேக் பெயிலியர்'னுதான் வீட்ல எல்லாருக்கும் தெரியும்.

"இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லப்பா"ன்னு சொன்னேன். டி.ஏ.சி. நடக்கிற மாதிரி வேகத்துக்கு, மண் ரோட்டுக்கு. மலை முழுக்க அதையே நம்பி இறங்கினா ஆக்சுவேட்டர் சூடாகி, பஸ்ஸர் அடிச்சுட்டு அதுவே நின்னுடும். சூட்டை யாரும் ஏமாத்த முடியாது. லோடோட மூணு டன், இறக்கம் சுமார் 700 மீட்டர்னு வெச்சு டிஷ்யூ பேப்பர்ல கணக்குப் போட்டுக் காட்டினேன். கிட்டத்தட்ட 70 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு. அதுல பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கணும். அதனாலதான் ஏறின கியர்லயே இறங்கணும்னு சொல்றது. மொத்தத்தையும் பிரேக் தலையில கட்டினா பிரேக் ஆயிலே கொதிச்சு ஆவியாகும். அப்புறம் மிதிச்சா நசுங்குறது அந்த ஆவிதான்.

அப்பா பேப்பரையே பார்த்துட்டு இருந்தார். "அன்னிக்கு பிரேக் மேல தப்பு இல்லடா. நியூட்ரல்ல விட்டேன்."

எனக்கு ஒண்ணும் சொல்லத் தோணல.

"உனக்கு டெர்ம் ஃபீஸ் கட்டுற நேரம். இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்னு ஸ்டாண்டுல எல்லாரும் சொல்வாங்க. எவ்வளவுடா மிச்சம் ஆயிருக்கும்?"

பதில் எனக்குத் தெரியும். போன செமஸ்டர்லதான் படிச்சேன். சொல்லாம விட்டுடலாம்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். ஆனா அவர் இன்னமும் வண்டி ஓட்டுறார்.

"ஒண்ணும் மிச்சம் இல்லப்பா. கியர்ல போட்டு ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா, சக்கரம்தான் இன்ஜினைச் சுத்தும். அப்போ டீசலே உள்ள போகாது. நியூட்ரல்ல விட்டாத்தான் இன்ஜின் அணையாம இருக்க டீசல் குடிக்கும்."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லப்பா."

டீ கிளாஸைக் கீழ வெச்சார். என் நெத்தியைப் பார்த்த மாதிரி இருந்தது. அப்புறம், "ஞாயித்துக்கிழமை ஸ்டாண்டுக்கு வந்து இதை எல்லார்கிட்டயும் சொல்லு"ன்னார்.

போனேன். செமினாருக்கு ரெடி பண்ணின 18 ஸ்லைடுல ஒண்ணும் அங்க உதவல. 'ஃப்யூவல் கட்-ஆஃப்'னு ஆரம்பிச்சு, பாதியில நிறுத்தி, மறுபடி தமிழ்ல முதல்ல இருந்து சொன்னேன். ஏழு பேர் இருந்தாங்க. ஆறு பேர் தலையாட்டினாங்க. ஒரு அண்ணன் மட்டும் ஒத்துக்கவே இல்ல. அடுத்த வாரம் ஏலகிரிக்கு ஒரு லோடு இருக்காம். கியர்லயே இறங்கி, டேங்க்கை ஃபுல் பண்ணி அளந்து பார்க்கிறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்.