பள்ளிக்கூடத்துக்குப் பணம் சேர்க்கும் வித்தை

கொட்டாஞ்சேனையில் கணிதம் கற்பித்து இளைப்பாறிய என்னை, அண்மையில் பழைய மாணவர் கூட்டமொன்றிலே, "சேர் அந்தக் காலத்தில் கடை கடையாகக் கையேந்தினார், இப்போது போனில் ஒரு லிங்க் போட்டால் போதும்" என்று ஓர் இளைஞர் உபசாரமாகவே சொன்ன வார்த்தை மிகவும் வருத்திவிட்டது. வண்ணார்பண்ணையில் 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய நாவலர் அதன் பொருட்டுப் பிடியரிசி சேர்த்ததையோ, 1923-இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் மூலம் இந்துபோர்ட் இராசரத்தினம் பாடசாலைகளை எழுப்பியதையோ கையேந்தல் என்று நம்மவர் சொன்னதில்லை. உதவி பெறும் பாடசாலைகளை 1960, 1961-ஆம் ஆண்டுச் சட்டங்களினால் அரசாங்கம் பொறுப்பேற்ற பிறகுதான், கொடுப்பது தம் கடமை என்ற எண்ணம் தனவந்தர்களிடையே மெல்ல மறைந்து, "கன்னங்கரா தந்த இலவசக் கல்வி இருக்கிறதே, மாஸ்டர்" என்ற பதில் பிறந்தது.

அரசாங்கம் பாடநூலும் சீருடைத் துணியும் ஆசிரியர் சம்பளமும் தருகிறது; அவை சாமானியமான உபகாரங்கள் அல்ல. ஆனால் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை செய்பவர்களுடைய பிள்ளைகளும் துறைமுகத் தொழிலாளருடைய பிள்ளைகளும் நெருக்கியடித்து இருக்கும் வகுப்பறைக்கு ஒரு புரொஜெக்டர் தானாக வந்து சேர்வதில்லை. நாற்பது நிமிடப் பாடவேளையில் கரும்பலகையில் இரண்டு பரவளைவுகளைச் சரியாகக் கீறி முடித்தாலே பெரிது. ஜியோஜீப்ரா என்ற மென்பொருளிலோ, குணகத்தை விரலால் நகர்த்தியவுடன் அந்த வளையி ஒடுங்குவதும் விரிவதும் மறை எண் வந்ததும் தலைகீழாகக் கவிழ்வதும் பின்வாங்கில் இருப்பவனுக்கும் பிரத்தியட்சமாகத் தெரியும். அந்த மென்பொருள் இலவசம். அதைச் சுவரில் காட்டும் கருவிக்குத்தான் நாங்கள் அலைந்தோம்.

கணிப்பான் வாங்கித் தருவதற்குப் பலர் முன்வருவார்கள். சாதாரண தரக் கணிதப் பரீட்சையில் அதற்கு இடமில்லை, மடக்கை அட்டவணைதான் என்பதை ஒவ்வொருவருக்கும் மனம் நோகாமல் விளக்க வேண்டும். கேட்கும் இடத்துக்கேற்பப் பேச்சும் மாறும்; வெள்ளவத்தையில், காலி வீதிக் கடைக்காரர் சம்மதித்தாலும் பணம் லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கும் மகனிடமிருந்து வர வேண்டியிருப்பதால், தகப்பனாரோடு பேசும் பேச்சு வேறு.

பணம் சேர்க்கும் இந்த வித்தையை எனக்குக் கற்பித்தவர் செட்டியார் தெரு நகை வியாபாரி ஒருவர். அவர் கேட்ட அன்றைக்கே கொடுக்கிறவர் அல்லர். புரொஜெக்டரின் விலைச்சீட்டை நான் பெருமையுடன் நீட்டியபோது, அதை மடித்து மேசையில் வைத்துவிட்டு, "பெட்டிக்குக் காசு நான் தாறேன், சேர். லாம்ப் போனா அதுக்கு யார்கிட்டக் கேப்பீங்க?" என்றார். சில ஆயிரம் மணித்தியாலம் எரியக்கூடிய விளக்கு, துறைமுகத்துக்குப் போகும் லொறிகளின் புழுதியும் கடற்காற்றின் உப்பும் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும் இந்தப் பகுதியில் அவ்வளவு காலம் நிலைக்காது என்பதை, கணிதம் படித்த நான் அல்ல, தராசு பிடித்த அவரே முதலில் கணக்கிட்டார். விளக்கு, கம்பி, யூபிஎஸ், பழுதுபார்க்கும் கூலி ஆகியவற்றுக்கென்று கால் பங்கைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கில் ஒதுக்கி, பற்றுச்சீட்டையும் இருப்புப் பதிவேட்டின் பிரதியையும் கொண்டுவந்து காட்டினால்தான் மீதிப் பணம் என்பது அவர் நிபந்தனை. பெயர்ப்பலகை வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பதிலாக ஆண்டுதோறும் ஒருநாள் வகுப்புக்கு வந்து, ஒரு மாணவியைக் கூப்பிட்டு, அந்தக் கருவியை இயக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போவார். 2022-இல் சில வாரங்களுக்குள் டொலரின் விலை இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டி, இறக்குமதிப் பொருள் எதையும் நெருங்க முடியாதிருந்த காலத்தில் எங்கள் விளக்கு அணைந்தபோது, புதியது வாங்க உதவியது அந்தக் கால் பங்குதான்.

பெரிய கருவிக்குக் கொடுப்பவர் நூறு பேர் உண்டு. விளக்குக்குக் கொடுப்பவரைத் தேடிப் பிடிப்பதே இந்தத் தொழிலின் முழுச் சிரமமும். லிங்க் போடுகிறவர்கள் இந்தச் சிரமத்தை ஏற்பதில்லை. செருப்பில்லாத பிள்ளையொன்றைப் படம் பிடித்துப் போட்டு, ஒரு வாரத்தில் பணம் திரட்டி, ரிப்பன் வெட்டித் திறந்துவைத்த ஸ்மார்ட் போர்டுகள், பேனா தொலைந்து, கற்பித்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய், துணி போர்த்தி நிற்பதை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் முகமோ இன்னும் ஊரார் போன்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிள்ளையின் மானத்தை விற்றுப் பெற்ற பணத்தை நன்கொடை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருந்து கொடுக்கின்ற அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பணம் அனுப்பும்போது பற்றுச்சீட்டைக் கேளுங்கள், மூன்றாம் வருடத்தில் அந்தக் கருவி ஓடுகிறதா என்று அதிபருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், ஓடவில்லை என்று பதில் வந்தால், விளக்குக்கும் நீங்களே கொடுங்கள்.