ஒரு பழைய காரின் பூர்வோத்தரம்

உழவுக்கு எருது வாங்கப் புறப்படும் கமக்காரன் வெறுங்கையோடு திரும்பினாலும் திரும்புவான்; பல்லைப் பாராது, சுழியைப் பாராது, நாலெட்டு நடத்திப் பாராது பணத்தை எண்ணிக் கொடுக்கமாட்டான். அவன் வழிவந்த நாமோ, எருதினும் பன்மடங்கு விலை கூடிய மோட்டார்க் காரை, நிறத்தின் பளபளப்பைக் கண்டும் கதவு மூடும் ஓசையைக் கேட்டும் வாங்கிவிடுகின்றோம். கல்லூரியிற் பல பாடங்களைக் கற்றுத் தேறிய நாம் இவ்விடயத்திற் கமக்காரனிடம் பாடங் கேட்கவேண்டியவர்களாய் இருக்கின்றோம்.

இக்கவலை இன்று முன்னையினும் பெரிதாயிற்று. அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்குரிய கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் நாட்டில் இருந்த கார்களே கைக்குக் கை மாறின. வாங்கிய விலையினும் கூடிய விலைக்குப் பழங்கார் விற்கப்படும் புதுமையையும் கண்டோம். வழி திறந்த பின்னரும் வரிச்சுமையினாற் புதுக்கார் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாக் கனியாகவே உளது. எனவே இருபது ஆண்டு, முப்பது ஆண்டு ஓடிய காரை நாடுவோர் நம்மிடையே பலர்.

அத்தகைய காரின் பூர்வோத்தரத்தை எங்ஙனம் அறிவது? பிரித்தானியாவில் 1960ஆம் ஆண்டு தொடக்கம் கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனை நடைபெற்று வருகின்றது. ஆதியிற் பத்தாண்டு கடந்த கார்களுக்கே விதிக்கப்பட்ட அது, பின்னர் மூன்றாண்டு கடந்தவற்றுக்கும் உரியதாயிற்று. பதிவிலக்கம் தெரிந்த எவரும் ஒரு காரின் முந்திய பரிசோதனை முடிவுகளை அங்கு பார்வையிடலாம். யப்பானிலோ புதுக்காருக்கு மூன்றாண்டிலும், பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் பரிசோதனை உண்டு. நம் நாட்டில் பேருந்து, லொறி முதலியவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். தனியார் காருக்கோ 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனை ஒன்றே ஆண்டுதோறும் நிகழ்வது. அச்சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால் வருமான அனுமதிப்பத்திரம் கிடைத்துவிடும்.

புகைச் சான்றிதழ் பயனற்றதன்று. ஆனால், அது எஞ்சின் விடும் மூச்சைப் பற்றி மாத்திரமே பேசுவது. பிறேக், சுக்கான், அடிச்சட்டம் ஆகியன பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது. சமதரையில் வாழ்வோருக்கு இக்குறை சிறிதாகத் தோன்றலாம். கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கும் நமக்கும், ஹந்தானைச் சரிவில் வீடு கட்டியிருக்கும் நமக்கும் அது உயிர்ப் பிரச்சினை. பிறேக் எண்ணெய் நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நெடுஞ்சரிவில் விடாது பிறேக்கை மிதிக்கச் சூடேறி, அவ்வீரம் கொதித்து ஆவியாகும். அப்போது மிதி தரையைத் தொட்டாலும் கார் நில்லாது. கொழும்பிற் குறையொன்றுங் காட்டாத கார் கண்டியில் ஆளைக் கொல்லுதல் கூடும்.

2025 நவம்பரில் டிட்வா புயலோடு வந்த வெள்ளம் கண்டி மாவட்டத்தைக் கலக்கிச் சென்று சில மாதங்களான பின், எமது பழைய மாணவருள் ஒருவரான இளம் ஆசிரியர் எம்மை அணுகினார். தாயாரைப் பேராதனை ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி கொண்டுசெல்லவேண்டிய நிலை அவருக்கு. சேமிப்பும் கடனுமாகத் திரட்டிய பணத்துடன் கட்டுகஸ்தோட்டையில் ஒரு காரைப் பார்க்கச் சென்றார். துணைக்கு யாமும், கராஜ் நடத்தும் முதிய பாஸ் ஒருவரும் போயினோம். கார் மணப்பெண் போல் நின்றது; புகைச் சான்றிதழும் புத்தம் புதியது. பாஸ் எஞ்சினைத் திறந்து பாராமல், இருக்கைப் பட்டியை அதன் அடிவரை இழுத்தார். இறுதி முழத்தில் மண்ணிறக் கறை கோடு கட்டியிருந்தது. மேலதிகச் சில்லுக் குழியில் வண்டலும், இருக்கையின் கீழ்த் திருகாணிகளிற் புதுத் துருவும் இருந்தன. “தம்பி, வண்டி குளிச்சிருக்கு, இன்னும் உடம்பு காயல்ல” என்றார் அவர். ஆசிரியர் நெடுநேரம் பேசாதிருந்து, முற்பணத்தைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரும்பினார். தாயாரின் முச்சக்கர வண்டிப் பயணம் மேலும் இரு மாதங்கள் நீடித்தது.

அந்நாட்களில் அவருக்கு யாம் கூறியவற்றை ஏனையோர்க்கும் ஈண்டுக் கூறுதல் தகும். பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் காரில் வெட்டப்பட்ட இலக்கங்களோடு ஒப்பிடுக. லீசிங் கம்பனிக்கு உரித்து இருக்கின்றதா என நோக்குக. வாங்குபவர் பெயரின்றிக் கையொப்பம் மாத்திரம் இட்ட ‘ஓப்பன் பேப்பரில்’ வரும் கார், இடையில் யார் யார் கையில் இருந்ததென்பதை மறைத்துவிடும்; அதனை விலக்குக. பழைய வருமான அனுமதிப்பத்திரங்களையும் புகைச் சான்றிதழ்களையும் வரிசையாக அடுக்குக. ஓராண்டு விடுபட்டிருப்பின், அவ்வாண்டிற் கார் எங்கே கிடந்தது, ஏன் கிடந்தது என வினாவுக. யப்பானிலிருந்து பாவித்த காராக வந்ததாயின், அங்கு எழுதப்பட்ட ஏலத்தாளைக் கேட்க. அதில் ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்து மதிப்பெண்ணின் இடத்தில் நின்றால், விபத்துற்றுத் திருத்தப்பட்ட கார் என்பது பொருள். இவற்றுக்குப் பின்னரும், நம்பிக்கையுள்ள பாஸ் ஒருவரைக் கொண்டு காரை உயர்த்தி அடிப்பாகத்தைப் பார்ப்பித்து, ஏற்றத்தில் ஏற்றி இறக்கத்தில் இறக்கிப் பார்க்க.

இவ்வளவு சிரமமும் ஏன் நேர்ந்தது? காரின் வரலாற்றை எழுதிவைப்பார் இல்லாமையினாலன்றோ? அரசாங்கம் எழுதாத கணக்கை உடையவன் எழுதலாம். இன்று வாங்குவோராகிய நாமே நாளை விற்போர் என்பதை மறந்துவிடுகின்றோம். வாங்கும்போது உண்மையை வேண்டி நிற்கும் நாம், விற்கும்போது அதனை மறைப்பது எந்தச் சைவத்துக்கும் அடுக்காது.

இறுதியில் அவ்வாசிரியர் வாங்கியது நிறம் மங்கிய ஒரு கார். அதனை விற்ற ஓய்வூதியக்காரர் திறப்போடு ஒரு பாடசாலைக் கொப்பியையும் கொடுத்தார். எண்ணெய் மாற்றிய நாள், ஓடிய கிலோமீற்றர், பிறேக் கட்டை மாற்றிய செலவு, ஒருமுறை மதகிற் பட்டு முன்கதவு நெளிந்த செய்தி ஆகிய யாவும் பதினொரு ஆண்டுகளாக ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. நெளிந்த கதவைப் பற்றிய வரியைக் கண்டபின்பே ஆசிரியர் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். அக்கொப்பியின் அடுத்த பக்கத்தில் இப்போது அவருடைய கையெழுத்துத் தொடர்கின்றது.